திரை போட்ட நேரத்தில் சாமி எங்கே? 'மறைத்தல்' பற்றி ஓர் எளிய விளக்கம்

கொங்கு ஊர்களில் ஒரு வீட்டுக்குப் பெருந்துன்பம் வந்தால் மூன்று பேச்சுகள் எழும். துன்பத்தில் இருப்பவர், "சாமி எங்களக் கைவிட்டிருச்சுங்க" என்பார். விசாரிக்க வந்தவர், "சாமி சோதிக்குதுங்க, மனச விட்றாதீங்க" என்பார். வாசலில் நிற்கும் இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் அவிய கருமம்" என்பார்.

மூன்று பேரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் மூன்றுமே அரைகுறையான பேச்சு. இறைவன் இருந்தும் இல்லாதது போலத் தோன்றும் நிலைக்கு, சிவனை முழுமுதலாகக் கொண்ட தத்துவமான சைவ சித்தாந்தத்தில் தனியாக ஒரு பெயர் உண்டு. அதன் பெயர் மறைத்தல். தமிழில் நூற்றாண்டுகளாக இதைப் பற்றி நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் இன்று அந்தச் சொல் பெரும்பாலும் தண்டனை என்ற பொருளிலேயே காதில் விழுகிறது. அது தண்டனை இல்லை. பிறகு என்னவென்று படிப்படியாகப் பார்ப்போம்.

கருவறைத் திரை

அவிநாசியிலோ பேரூரிலோ அபிஷேகம் முழுவதும் நின்று பார்த்தவர்களுக்கு இது பழக்கம். பால், தயிர், இளநீர், சந்தனம் என்று ஒவ்வொன்றாக முடிந்ததும் குருக்கள் திரையை இழுத்துவிடுவார். பத்து நிமிடம் ஆகலாம், விசேஷ நாளில் அரை மணி நேரமும் ஆகலாம். பாத்திரம் நகரும் சத்தமும் பூக்கூடையை இழுக்கும் சத்தமும் மட்டும் கேட்கும். வேறெதுவும் தெரியாது.

அந்த நேரத்தில் "சாமி போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டு யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. உள்ளே அலங்காரம் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். திரையை இழுத்தவர் வெளியாள் இல்லை, உள்ளே இருப்பவர்தான். மறைப்பு நடக்கும் நேரமும் வேலை நடக்கும் நேரமும் ஒன்றே.

வாழ்க்கையில் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அதுதான் வலிக்கிறது. விழுந்தது திரைதான் என்று அங்கே யாரும் நமக்குச் சொல்வதில்லை. எப்போது திறக்கும் என்றும் தெரியாது. மணிச் சத்தத்துக்குக் காத்திருக்கவும் வழியில்லை. திரைக்கும் சுவருக்கும் வேறுபாடு தெரியாத இடத்தில்தான் கைவிடப்பட்ட உணர்வு பிறக்கிறது.

ஐந்து தொழில்களில் நான்காவது

படைத்தல், காத்தல், அழித்தல் ஆகிய மூன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சைவம் இன்னும் இரண்டைச் சேர்த்து ஐந்தாகச் சொல்கிறது: மறைத்தல், அருளல். ஐந்தொழில் என்பது இதுதான்.

நடராசர் திருவுருவத்தில் ஐந்தையும் காணலாம். மேலைச் சிதம்பரம் எனப்படும் பேரூரின் கனகசபை முன் நின்று பொறுமையாகப் பாருங்கள். உடுக்கை ஏந்திய கை படைத்தல். அஞ்சாதே என்று காட்டும் கை காத்தல். தீ ஏந்திய கை அழித்தல். காலடியில் கிடக்கும் முயலகன் என்ற அசுரன் மேல் ஊன்றிய பாதம் மறைத்தல். தூக்கிய பாதம் அருளல். நாம் சொந்தமாகச் செய்த விளக்கம் இல்லை இது, 'உண்மை விளக்கம்' என்ற சித்தாந்த நூலில் ஒரே வெண்பாவில் இருக்கிறது.

இங்கே பாதங்களைக் கவனிக்க வேண்டும். மறைப்பதும் அருளுவதும் ஒரே உடலின் இரண்டு கால்கள். ஊன்றிய கால்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அது ஊன்றாமல் மற்றொரு கால் மேலே எழ முடியாது. மறைப்பும் அருளும் தனித்தனியான இரண்டு சக்திகள் என்றும், சாமி ஒரு நாள் இதையும் ஒரு நாள் அதையும் எடுத்துக்கொள்கிறது என்றும் நினைப்பதில்தான் முதல் குழப்பம் தொடங்குகிறது. இரண்டும் ஒரே சக்தி என்பதே சித்தாந்தம்.

உண்மையில் எது மறைக்கிறது?

இரண்டு மறைப்புகள் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று ஆணவம். பேச்சுவழக்கில் இதற்குத் திமிர் என்று பொருள். சித்தாந்தத்தில் பொருள் வேறு. எங்கும் விரிந்து அறியக்கூடிய உயிரை அணு அளவுக்குச் சுருக்கிவிடும் அறியாமைக்கு ஆணவம் என்று பெயர். செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, அது உயிரோடு தொடக்கம் இல்லாமலே ஒட்டியிருக்கிறது. அடக்கமே உருவான ஆளிடமும் இருக்கும். திருவருட்பயன் எழுதிய உமாபதி சிவம் 14ஆம் நூற்றாண்டிலேயே இதன் ஆபத்தைக் கூர்மையாகச் சொன்னார். புற இருள் எந்தப் பொருளையும் காட்டாவிட்டாலும் 'நான் இருள்' என்று தன்னையாவது காட்டும். ஆணவ இருள் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. எனவே ஆணவத்தில் இருப்பவருக்குத் தன் பார்வை மறைந்திருப்பதே தெரியாது.

இன்னொன்று திரோதானம். ஆணவத்தை முற்றச்செய்து நீக்குவதற்காக, அதனோடு சேர்ந்து நின்று வேலை செய்யும் இறைவனின் சக்தி அது. மறைத்தல் என்ற தொழில் இந்தச் சக்தியால் நடக்கிறது.

கண் ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகும். கண்புரை விழுந்தவருக்குப் பார்வை மங்குகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து டாக்டர் பஞ்சு வைத்துக் கண்ணை ஒட்டிவிடும்போதும் அவருக்குப் பார்வை இல்லை. அவரைக் கேட்டால் இரண்டும் இருட்டு என்றுதான் சொல்வார். ஆனால் புரை நோய், கட்டு மருத்துவம். கட்டுப் போட்டதால் டாக்டர் கைவிட்டார் என்று ஆகாது. கை வைத்ததால்தான் கட்டு வந்தது. ஆணவம் புரை என்றால் திரோதானம் கட்டு. உவமைக்கு ஓர் எல்லை உண்டு: திரோதானம் சிகிச்சைக்குப் பின் வருவதில்லை, சிகிச்சையே அதன் வழியாகத்தான் நடக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மறைத்தல் ஐந்தொழிலில் ஒன்று. நம்மிடம் உள்ள ஆணவம் ஒரு மறைப்பு, அதை நீக்க வரும் திரோதானம் இன்னொரு மறைப்பு. உள்ளிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே இருட்டாகத் தெரியும்.

'பாகம்' என்ற சொல்

ஆணவம் முற்றி விலகத் தயாராகும் நிலையை நூல்கள் மலபரிபாகம் என்கின்றன. மலம் என்றால் அழுக்கு, இங்கே ஆணவம். பரிபாகம் என்றால் நன்றாகப் பக்குவமாதல். 'பாகம்' சமையல் சொல். வெல்லப் பாகு என்கிறோமே, அதே பாகு.

கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலையில் சர்க்கரை காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது. கொப்பரையில் ஊற்றும்போது சாறு கலங்கலாக இருந்தாலும் பார்க்க அவ்வளவு மோசமாக இருக்காது. சூடு ஏற ஏற அடியில் கரைந்து கிடந்த கசடெல்லாம் கறுத்த நுரையாக மேலே வந்து மிதக்கும். புதிதாகப் பார்க்கிறவர் சாறு கெட்டுப்போய்விட்டது என்றே நினைப்பார். காய்ச்சுகிறவர் பதற மாட்டார். அளவாகச் சுண்ணாம்பு சேர்த்து, மேலே வந்ததை அரித்து எடுத்துக்கொண்டே இருப்பார். அடியில் சக்கை எரிந்துகொண்டிருக்கும். பதம் பார்க்கக் கொஞ்சம் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டுவார். உருண்டால் இறக்கலாம். முன்னால் இறக்கினால் கட்டாது, பின்னால் இறக்கினால் காந்திவிடும்.

கைவிடப்பட்டதாக உணரும் காலத்தில் பலரையும் பயமுறுத்துவது துன்பம் மட்டும் இல்லை, அப்போது தன் உள்ளிருந்து கிளம்பி வருவதும்தான். நாற்பது வருடம் விரதம் இருந்தவருக்குச் சாமி மேல் கோபம் வரும். அடுத்த வீட்டுப் பிள்ளை நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரியும். "நானா இப்படி நினைக்கிறேன்?" என்று கூசிப்போவார். பக்தியே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். கொப்பரையைப் பாருங்கள். அந்தக் கசடு அன்றைக்குப் புதிதாக விழவில்லை, சாற்றிலேயே இருந்தது. சூட்டில் மேலே வந்திருக்கிறது. மேலே வந்தால்தான் அரித்து எடுக்க முடியும்.

'சோதனை' என்ற சொல் ஏன் பொருந்தாது என்பதும் இதிலிருந்து தெரியும். விடை தெரியாதவர்தான் சோதிப்பார். சித்தாந்தத்தின் இறைவனுக்கு உயிரின் நிலை முன்பே தெரியும். அவர் மதிப்பெண் போட அமரவில்லை, அடுப்படியில் நிற்கிறார்.

இருப்பதும் உணர்வதும்

பெரும்பாலான தவிப்புக்கு வேர் இந்த இடத்தில்தான். 'சாமி இருக்கிறது' என்பதற்கு நம்மில் பலர் வைத்திருக்கும் அடையாளம் ஓர் உணர்வு. மருதமலைப் படி ஏறி முடித்ததும் மனசு லேசாகும், தீபாராதனையில் கண் கலங்கும். அந்த உணர்வு வராத நாளில் சாமியும் இல்லை என்று கணக்கு முடித்துவிடுகிறோம்.

திருநாவுக்கரசர் இந்தக் கணக்கை ஒரே பாட்டில் மாற்றுகிறார். விறகில் தீ போல, பாலில் நெய் போல, "மறைய நின்றுளன்" என்கிறார். மறைந்து நிற்கிறான், ஆனால் நிற்கிறான். பாலை உற்றுப் பார்த்தால் நெய் தெரியாது. நாக்கில் வைத்தாலும் நெய்ச்சுவை வராது. அதனால் பாலில் நெய் இல்லை என்று மாடு வைத்திருக்கும் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். காய்ச்சி, ஆறவிட்டு, கைபொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, இரவு முழுக்க அசைக்காமல் வைத்து, விடிகாலைக் குளிரில் கடைந்தால் வெண்ணெய் திரளும். வெயில் ஏறிய பிறகு கடைந்தால் திரளாது, கையும் வலிக்கும். நெய் இல்லாததால் வந்த குறை இல்லை அது. நேரத்தில் வந்த குறை.

அதே பாட்டு முறையையும் சொல்கிறது. 'உறவு' என்ற கோலை நட்டு, 'உணர்வு' என்ற கயிற்றால் முறுக்கிக் கடைய வேண்டும். உறவுக்கோல் முதலில் வருகிறது. அதை நடாமல் கயிற்றை மட்டும் இழுத்தால் கயிறு நம் கையோடு வந்துவிடும். உணர்வை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் பக்தியும் அப்படித்தான்.

திட்டலாமா?

உறவு என்று வந்துவிட்டால் சண்டைக்கும் இடம் உண்டு. இதைச் சொல்லத் தயங்குகிறோம், சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கிறது திருமுருகன்பூண்டி. சேர மன்னர் சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடும் பொருளோடும், தேவாரம் பாடிய சுந்தரர் அந்த வழியாகத் திரும்பினார். சிவனின் பூதகணங்களே வேடர் உருவில் வந்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன என்கிறது பெரியபுராணம். சுந்தரர் நேராகக் கோயிலுக்குப் போனார். ஆறுதல் வேண்டிப் பாடவில்லை. இந்த ஊரில் வழிப்பறிக்காரர்கள் குத்துகிறார்கள், துணியைப் பிடுங்குகிறார்கள் என்று அடுக்கிவிட்டு, "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று கேட்டார். இதெல்லாம் நடக்கிற ஊரில் நீர் எதற்கய்யா இருக்கிறீர்? பொருள் திரும்பிக் கிடைத்தது. அந்தப் பாட்டு இன்று ஏழாம் திருமுறையில் இருக்கிறது, கோயிலிலேயே ஓதப்படுகிறது.

"என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22ஆம் சங்கீதத்தைச் சர்ச்சுக்குப் போகிறவர்களும் வேதாகமத்துக்குள் வைத்துத்தான் ஓதுகிறார்கள். கைவிட்டீரே என்று அவரிடமே போய்க் கேட்பவர், அவர் கேட்கிறார் என்று நம்பித்தான் கேட்கிறார்.

சுந்தரருக்கே இதைவிடக் கடுமையான ஒன்று நடந்தது, தொண்டை நாட்டில். மனைவி சங்கிலியாரை விட்டுப் பிரியேன் என்று திருவொற்றியூரில் செய்த சத்தியத்தை மீறி எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. தடவித் தடவித் திருவெண்பாக்கம் வந்து, "கோயிலுளாயோ?" என்று கேட்டார். பதில் வந்தது: "உளோம், போகீர்." இருக்கிறோம், நீர் போம். கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல்தான் கிடைத்தது. இடக்கண் பார்வை பின்னர் காஞ்சிபுரத்தில் வந்தது, வலக்கண் திருவாரூரில்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கிடைத்தது 'உளோம்' என்ற ஒரு சொல். அடுத்து நடப்பதற்கு ஒரு கோல். பார்வை இரண்டு தவணையில், வேறு வேறு ஊர்களில், அதுவும் நடந்து போன பிறகு. இருண்ட காலத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதைவிட நேர்மையான வரைபடம் நமக்குத் தெரிந்து இல்லை.

சுருக்கமாக: இருப்பு வேறு, இருப்பதாகத் தோன்றும் உணர்வு வேறு. உணர்வு போன நாளிலும் உறவை வைத்துக்கொள்ளலாம், சண்டையாகக்கூட.

என்ன செய்வது: கொடுமுடி முறை

காவிரிக் கரைக் கொடுமுடியில் சுந்தரர் பாடிய பதிகம் 'நமச்சிவாயப் பதிகம்' என்றே பெயர் பெற்றது. "உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று பாட்டுக்குப் பாட்டு முடியும். மனசு மறந்தாலும் நாக்கு சொல்லும். மனசை நம்பாமல் நாக்கைப் பழக்கு என்கிற மிக நடைமுறையான யோசனை இது.

நமசிவாய என்ற அஞ்செழுத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் சித்தாந்தம் பொருள் சொல்கிறது: ந திரோதானம், ம மலம், சி சிவம், வா அருள், ய உயிர். பெயரே மறைப்பில்தான் தொடங்குகிறது. அப்படியென்றால் இருண்ட நாளிலும் சொல்லத் தகுதி உண்டா என்ற கேள்விக்கே இடமில்லை.

செய்முறை சிறியது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம். விடிகாலை நல்லது, முடியாவிட்டால் விளக்கு வைக்கும் நேரம். ஒரு சின்ன அகலில் நல்லெண்ணெய், நெற்றியில் திருநீறு. அஞ்செழுத்து 108 முறை, உதடு அசைந்து தன் காதுக்குக் கேட்கும் அளவுக்கு. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பிறகு கொடுமுடிப் பதிகத்தில் ஒரே ஒரு பாட்டு. கடைசியில், மனதில் இருப்பதைச் சொந்தப் பேச்சில் ஒரு நிமிடம் சொல்லுங்கள். குறையாக இருந்தால் குறையாகவே. இதை ஒரு மண்டலம், அதாவது 48 நாள், கூட்டாமல் குறைக்காமல் செய்ய வேண்டும்.

பெரும்பாலும் தப்பு நேர்வது 'கூட்டாமல்' என்ற இடத்தில்தான். தவிப்பில் இருப்பவர் முதல் வாரம் 1008 சொல்வார், இரண்டு வேளை விரதம் இருப்பார். மூன்றாம் வாரம் உடம்பு ஒத்துழைக்காது. விட்டுவிடுவார். விட்டது இன்னொரு தோல்வியாகச் சேரும். இன்னொரு தப்பு, தினமும் 'இன்றைக்கு ஏதாவது உணர்ந்தேனா?' என்று பார்ப்பது. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் நட்டவர் கிழங்கு பிடித்ததா என்று நாளும் தோண்டிப் பார்ப்பதில்லை. மேலே இலை காய்ந்து சாயும்போதுதான் அடியில் கிழங்கு முற்றியிருக்கும்.

எங்கே கவனம் வேண்டும்

பூ வாக்குக் கேட்பது, அதாவது சாமி முன் பூ வைத்து எந்தப் பூ வருகிறது என்று பார்த்து விடை தேடுவது, நம் பக்கத்தில் பழைய வழக்கம். கெடாவின் மேல் தண்ணீர் தெளித்து, சாமியின் சம்மதமாக அது உடம்பைச் சிலிர்த்துத் துளுக்குவதற்குக் காத்திருப்பதும் அப்படியே. அந்த வழக்கங்கள் இருக்கட்டும். ஆனால் மனம் உடைந்திருக்கும் நேரத்தில் 'சாமி என்னோடு இருக்கிறதா?' என்ற கேள்வியை அங்கே கொண்டுபோகாதீர்கள். நினைத்த பூ வராவிட்டால் அதையே கைவிட்டதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வீர்கள். எந்தப் பக்கம் விதை போடலாம் என்பது போன்ற கேள்விக்கு உரியது அது. இறைவன் இருப்பதைப் பூவைக் கேட்டு முடிவு செய்யச் சொல்லும் சித்தாந்த நூல் எதுவும் இல்லை.

'பாகம்', 'கருமம்' இரண்டும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய சொற்கள். பிள்ளையை இழந்தவர் வீட்டில் போய் "உங்க மலம் பக்குவமாகுது" என்றோ "முன்வினை" என்றோ சொல்வது கொடுமை. அங்கே பேச வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, சோறு கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

உடம்பு நோயையும் இதோடு குழப்பக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் குலைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இலவசம், தமிழில் பேசலாம், 104இலும் உதவி கிடைக்கும். மாத்திரை சாப்பிடுவது நம்பிக்கைக் குறைவு இல்லை. திருவெண்பாக்கத்து ஊன்றுகோலைச் சுந்தரர் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகவில்லை.

கருவறையில் காணாதபோது

பேரூர்த் தலக்கதை ஒன்று உண்டு. சுந்தரர் வருகிறார் என்று தெரிந்ததும் பட்டீசுவரரும் பச்சைநாயகியும் கோயிலை விட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். நடவு நடப்பவர்களோடு சேறும் சகதியுமாக நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கருவறைக்கு வந்த சுந்தரர் சாமியைக் காணாமல் திகைத்து நின்றார். நந்திதான் வயல் இருக்கும் பக்கத்தைக் காட்டிக்கொடுத்தது.

பூசை அறை வெறுமையாகத் தோன்றும் நாட்களில் இந்தக் கதையை ஒரு வேலைத்திட்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். அங்கேயே உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போங்கள். உழவாரப் பணிக் குழுவோடு போய்ப் பிரகாரத்துப் புல்லைச் செதுக்குங்கள், அன்னதானத்தில் இலை எடுங்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வேளை காப்பி கொண்டுபோங்கள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் போதும். பேரூரில் இன்றைக்கும் ஆனி மாதம் நாற்று நடவு விழா நடக்கிறது. அந்த விழாவில் மட்டும் சாமியைப் பார்க்க ஜனங்கள் வயல் வரப்பில் நிற்கிறார்கள்.